35 சிசியா, 58 சிசியா, 70 சிசியா? மரம் அறுக்கும் மெஷின் வாங்கும் முன் செயினின் பல்லைப் பாருங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து போன பிறகு, பேராவூரணிப் பக்கத்தில் இருந்த எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் தென்னை படுத்துக் கிடந்தது. அறுக்க ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஆளும் பத்து நாள் கழித்துத்தான் வருவேன் என்றார். சரி, நாமே அறுத்துக்கொள்வோம் என்று 58 சிசி மெஷின் ஒன்றை 22 அங்குல பாரோடு (செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புப் பட்டைதான் பார்) வாங்கி வந்தேன். கடையில் இருந்ததிலேயே பெரிய எண் அதுதான். முதல் மரம் நன்றாகப் போனது. மூன்றாவது மரத்தில் புகை வந்தது. மதியத்துக்குள் மெஷினின் மேல் ஏறி நின்று அழுத்தினால்தான் இறங்கும் என்கிற நிலை.

பக்கத்துத் தோப்பில் ஒருவர் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது என் மெஷினைவிடச் சின்னது, 45 சிசி, 18 அங்குல பார், பெயிண்ட் எல்லாம் போன பழைய வண்டி. நான் ஒரு மரம் முடிப்பதற்குள் அவர் நாலு மரம் முடித்திருந்தார். என் புகையைப் பார்த்துவிட்டு வந்தார். செயினைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “தம்பி, இது அறுக்கல, தேய்க்குது” என்றார். விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, சட்டைப் பையில் இருந்த உருண்டை அரத்தை எடுத்துக் கால் மணி நேரம் ராவினார். அதே மெஷின், அதே பார், அதே செயின். அடுத்த மரம் வாழைத்தண்டு மாதிரி அறுந்தது.

“58 சிசி வைத்திருக்கிறேன், இழுக்கவில்லை, 70 சிசிக்கு மாறலாமா?”, “தோப்புக்கு 35 சிசி போதுமா?” என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு அந்த மதியம்தான் நினைவுக்கு வருகிறது. என்ஜினையும் செயினையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. என்ஜின் செயினைச் சுற்றுகிறது, அவ்வளவுதான். மரத்தைச் சீவி எடுப்பது பல். அதனால் இந்தக் கட்டுரையில் என்ஜின் அளவுகளை ஒப்பிட்டுவிட்டு, அதைவிட நீளமாகச் செயினைப் பற்றிப் பேசப்போகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

அடிக்கடி அறுக்கும் மரத்தின் பருமன். வாழ்நாளில் ஒருமுறை அறுக்கப்போகிற புளியமரத்தை மனதில் வைத்து மெஷின் வாங்காதீர்கள். வாரா வாரம் எதை அறுக்கிறீர்கள் என்று பாருங்கள். டேப்பை எடுத்து மரத்தின் சுற்றளவை அளந்து மூன்றால் வகுத்தால் ஏறத்தாழக் குறுக்களவு வந்துவிடும். 90 செ.மீ. சுற்றளவுள்ள தென்னை 30 செ.மீ.க்குள்தான், அதாவது 12 அங்குலம். அதற்கு 14 அங்குல பாரே போதும், 16 இருந்தால் தாராளம். பாரைவிடப் பருமனான மரத்தையும் இரண்டு பக்கமாக அறுக்க முடியும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மரத்தின் குணம். தென்னைக்கு வெளிவட்டம் வைரம், உள்ளே சோறு. நாரும் அதிகம், பல்லைச் சீக்கிரம் மழுக்கும். சீமைக்கருவேலம் கெட்டி மட்டுமல்ல, தூரில் மண்ணும் மணலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சவுக்கு பருமன் குறைவு, ஆனால் காய்ந்துவிட்டால் இரும்பு. காய்ந்த புளிக்கும் வேம்புக்கும் பச்சையாக இருக்கும்போது பிடிப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் எவ்வளவு நேரம். மாதத்தில் இரண்டு மணி நேரமா, தினம் ஆறு மணி நேரமா? இந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

யார் பிடிக்கப்போகிறார்கள். கம்பெனிக்காரர்கள் சொல்லும் எடை பெரும்பாலும் பார், செயின், பெட்ரோல், ஆயில் எதுவும் இல்லாத வெறும் மெஷினின் எடை. எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை, இரண்டு கிலோ கூடும். காலை எட்டு மணிக்குத் தெரியாத எடை பதினொரு மணிக்கு முதுகில் தெரியும்.

உதிரியும் அரமும் எங்கே கிடைக்கும். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செயினும் பிளக்கும் ஸ்டார்ட்டர் கயிறும் கிடைக்காத மெஷின், எவ்வளவு நல்லதானாலும் சீசனில் மூலையில் உட்காரும்.

## பெட்டியில் எழுதிய சிசியை நம்பலாமா

சிசி என்பது பிஸ்டன் கீழிருந்து மேல்வரை ஒருமுறை நகரும்போது கடக்கும் இடத்தின் கொள்ளளவு. சிலிண்டரின் குறுக்களவும் பிஸ்டன் நகரும் தூரமும் தெரிந்தால் நாமே கணக்குப் போடலாம். குறுக்களவு 45.2 மி.மீ., நகரும் தூரம் 34 மி.மீ. என்று வையுங்கள். பாதிக் குறுக்களவு 22.6. அதை அதனாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 34-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 54.5 வருகிறது. இந்த அளவுள்ள மெஷினில் 58 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்த 58 வெறும் பெயர் என்று புரிந்துகொள்ளலாம். கையேட்டில் இந்த இரண்டு அளவும் போட்டிருக்கும், வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

சிசியைவிட முக்கியமான எண் சக்தி, அதாவது கிலோவாட். ஸ்டில் எம்.எஸ். 250-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 45.4 சிசியில் 2.3 கிலோவாட் தருகிறது, சுமார் 3 குதிரைத்திறன். 58 என்று எழுதிய மலிவு மெஷின்கள் பலவற்றிலும் பெட்டியில் இருப்பது ஏறக்குறைய இதே சக்திதான். எண் பெரியது, பலம் அதே அளவு, எடை கூடுதல்.

## 30 முதல் 38 சிசி வரை

ஸ்டில் எம்.எஸ். 180 (31.8 சிசி), ஹஸ்க்வர்னா 236 (38.2 சிசி) போன்றவை இந்த வகை. சுமார் 2 குதிரைத்திறன். 12 முதல் 16 அங்குல பார்.

கிளை கழிக்க, வேலியோரச் சீமைக்கருவேலத்தைத் துண்டு போட, விறகு நறுக்க, சவுக்குத் தோப்பில் வேலை செய்ய இது அருமையான மெஷின். இதில் வரும் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயின் மெல்லியது, மரத்தில் குறுகலான வழி எடுத்துக்கொண்டு போகும், அதனால் குறைந்த சக்தியிலும் வேகமாக இறங்கும். 10 அங்குலத்துக்குள் இருக்கும் மரத்தில், நன்றாக ராவிய செயினோடு இருந்தால், பெரிய மெஷினுக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகம் தெரியாது.

கையில் இது இருக்கிறதே என்று புயலில் விழுந்த பெரிய மரங்களை அறுக்க ஆரம்பித்தால்தான் செலவு வரும். மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடினால் சூடு ஏறும், பொறுமை போய் அழுத்துவோம், அழுத்தினால் கிளட்ச் வழுக்கித் தேயும். அப்புறம் கிளட்சோடு பாரும் சேர்ந்து போகும்.

## 45 முதல் 50 சிசி வரை

தோப்பு, வயல், கொஞ்சம் விறகு என்று இருக்கும் வீட்டுக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 16 அல்லது 18 அங்குல பார், நாலரை ஐந்து கிலோ எடை. தென்னை, வேம்பு, வாதநாராயணம், பூவரசு என்று ஊரில் நிற்கும் மரங்களில் முக்கால்வாசியை இது ஒரே பக்கத்திலிருந்து அறுத்துவிடும். கஜாவின்போது அந்த அண்ணன் கையில் இருந்ததும் இந்த வகைதான்.

குறை என்றால் விலை. நல்ல கம்பெனி மெஷின் மலிவு 58 சிசியைப்போலப் பல மடங்கு விலை. ஆனால் ஐந்தாறு வருடம் கழித்து விற்றாலும் வாங்க ஆள் இருக்கும். இதில் 20 அங்குல பார் மாட்டிக்கொள்ளும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். பார் நீள நீளச் செயினும் நீளும், ஒரே நேரத்தில் மரத்தைக் கடிக்கும் பற்களும் கூடும், என்ஜின் திணறும்.

## மலிவு 58 சிசி

இதைத் திட்டுவதற்காக எழுதவில்லை. பத்தாயிரத்துக்குள் கையில் கிடைக்கும் மெஷின், ஏராளமான குடும்பங்களுக்குப் புயல் காலத்தில் உதவியிருக்கிறது. கார்புரேட்டர், பிஸ்டன், ஸ்டார்ட்டர் என்று எல்லா உதிரியும் சின்ன ஊரில்கூட மலிவாகக் கிடைக்கிறது. ஒரு கம்பெனியின் உதிரி இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

ஆனால் பெட்டியோடு வரும் செயினும் 22 அங்குல பாரும்தான் இதன் பலவீனம். செயினின் இரும்பு மெத்து, ஒரு டேங்க் பெட்ரோல் தீர்வதற்குள் முனை மழுங்குகிறது. நீளமான பாருக்குப் பம்ப் தரும் ஆயில் போதுவதில்லை. பார் நுனியில் கறுத்துப்போய் நீலம் பாய்ந்திருந்தால் அதுதான் காரணம். நான் செய்தது இதுதான்: 18 அங்குல பாரும் நல்ல தரச் செயினும் தனியாக வாங்கிப் போட்டேன். மெஷின் புதிதாகப் பிறந்த மாதிரி ஆனது. ஆகவே இதை வாங்குகிறவர்கள் பாருக்கும் செயினுக்கும் அரத்துக்கும் ஆகும் பணத்தையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அப்போதும் மலிவாகத்தான் இருக்கும்.

பெட்ரோல் கலவையில் ஒரு எச்சரிக்கை. இவற்றில் பலவற்றுக்கு 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மி.லி. 2டி (2T) ஆயில் என்று கையேடு சொல்லும். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்றவற்றுக்கு நல்ல ஆயிலோடு 50-க்கு 1, லிட்டருக்கு 20 மி.லி. வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டு கேன் வைத்துப் பெயர் எழுதுங்கள். கேன் மாறி ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், அந்தச் செலவில் பாதி மெஷின் வாங்கிவிடலாம்.

## 70 சிசியும் அதற்கு மேலும்

ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி (70.7 சிசி), ஸ்டில் எம்.எஸ். 382 (72.2 சிசி, 3.9 கிலோவாட்) இந்த வகை. ஐந்து குதிரைத்திறனைத் தாண்டும். 20 முதல் 28 அங்குல பார். மரக்கடைக்காரர்கள், சாலையோரப் புளியமரம் ஏலம் எடுப்பவர்கள், கூலிக்கு அறுத்தே பிழைப்பவர்களுக்கு இதுதான் சரி. இரண்டரை அடி விட்டமுள்ள காய்ந்த மரத்தில் சின்ன மெஷின் அரை மணி நேரம் முனகுகிற இடத்தில் இது சில நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

மற்றவர்களுக்கு இது சுமை. வெறும் மெஷினே ஆறு கிலோவுக்கு மேல். முழு வேகத்தில் நின்று அறுத்தால் மணிக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் போகும். செயின் விலையும் கூட. அதைவிட, பாரின் நுனி மரத்தில் பட்டு மெஷின் நம்மை நோக்கி எகிறும்போது ஐந்து குதிரைத்திறன் எகிறுகிறது. பழகாத கை தாங்காது. 90 சிசி மெஷின்கள் பெரிய அடிமரத்தைப் பலகையாக நீளவாட்டில் அறுப்பவர்களுக்கு உரியவை, வீட்டுக்காரர் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

கரண்டில் ஓடும் மெஷினைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வீட்டு முற்றத்தில், ஒயர் எட்டும் தூரத்தில் விறகு நறுக்க நல்லது, சத்தம் குறைவு, கலவைத் தொல்லை இல்லை. மழை ஈரத்திலும் தோப்பு நடுவிலும் வேண்டவே வேண்டாம்.

| | 30–38 சிசி | 45–50 சிசி | மலிவு 58 சிசி | 70 சிசி |
|---|---|---|---|---|
| சக்தி (குதிரைத்திறன்) | சுமார் 2 | சுமார் 3 | 3 என்று சொல்வார்கள் | 5-க்கு மேல் |
| ஏற்ற பார் | 12–16 அங்குலம் | 16–18 | 18 (22 வேண்டாம்) | 20–28 |
| வெறும் மெஷின் எடை | 4–4.7 கிலோ | 4.5–5 | 5–6 | 6–6.6 |
| வழக்கமான செயின் | 3/8 லோ புரொஃபைல் | 0.325 | 0.325 | 3/8 |
| உருண்டை அரம் | 4.0 மி.மீ. | 4.8 மி.மீ. | 4.8 மி.மீ. | 5.2 அல்லது 5.5 மி.மீ. |
| பொருத்தமான வேலை | கிளை, விறகு, சவுக்கு | தென்னந்தோப்பு, பொதுவேலை | எப்போதாவது வேலை, குறைந்த முதல் | தினக்கூலி, பெரிய அடிமரம் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | அளவுக்கு மீறினால் கிளட்ச் | முதலில் போடும் பணம் | புது பார், புது செயின் | பெட்ரோல், முதுகு |

## இனி செயின்

கையில் ஏற்கெனவே மெஷின் இருப்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகு பெரிய மெஷினைப் பற்றி யோசியுங்கள்.

மழுங்கியதைக் கண்டுபிடிக்க எளிய வழி கீழே விழுவதைப் பார்ப்பதுதான். நல்ல பல் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவு மாதிரித் தூள் தள்ளும். மெஷின் தானாக இறங்காமல் நாம் அழுத்த வேண்டியிருந்தால் மழுங்கிவிட்டது. நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைந்து போனால் இடது பற்களும் வலது பற்களும் ஒரே அளவில் இல்லை, அல்லது பார் தேய்ந்திருக்கிறது. புகை வந்தால் எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும்.

### எந்த அரம்

முதலில் உங்கள் செயின் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவுக்கு அளந்து இரண்டால் வகுத்தால் வரும் அங்குலம்தான் செயினின் அளவு. வகுக்காமலே சொன்னால், அந்த மூன்று ரிவெட் தூரம் 16.5 மி.மீ. வந்தால் 0.325 செயின். 19 மி.மீ. வந்தால் 3/8 அல்லது 3/8 லோ புரொஃபைல். அளவுக்கு ஏற்ற அரம் அட்டவணையில் இருக்கிறது, செயின் பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் பெட்டி சொல்வதையே கேளுங்கள். கடையில் இருந்தது என்று 5.5 அரத்தை 0.325 செயினில் போட்டால் பல்லின் முனை மொட்டையாக நிற்கும். 4 மி.மீ. அரத்தைப் பெரிய பல்லில் போட்டால் அடியைக் குடைந்துவிடும், முனை மெலிந்து ஒரே அறுப்பில் மடங்கும்.

### எப்படி ராவுவது

பாரை வைஸில் பிடியுங்கள். தோப்பில் இருந்தால் ஒரு அடிக்கட்டையில் வெட்டுப் போட்டு அதில் பாரைச் செருகுங்கள். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தள்ளும்போது மட்டும் ராவ வேண்டும். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் அரம் போய்விடும். அரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். கோணம் பொதுவாக 30 பாகை, பல பற்களின் முதுகிலேயே அதற்குக் கோடு போட்டிருக்கும். சீமைக்கருவேலம், காய்ந்த புளி போன்ற கெட்டி மரமே உங்கள் வேலை என்றால் 25 பாகைக்குக் கொண்டுவாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், முனை நீண்ட நேரம் நிற்கும்.

18 அங்குல 0.325 செயினில் பெரும்பாலும் 36 பற்கள், பக்கத்துக்குப் பதினெட்டு. ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றே. வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் லேசாகவும் விழும், அதனால்தான் செயின் வளைந்து போகிறது. எந்தப் பல் மிகக் குட்டையோ அதன் நீளத்துக்கு மற்றவற்றைக் கொண்டுவருவதுதான் விதி. கல்லிலோ ஆணியிலோ பட்டு ஒரு பல் மட்டும் பாதி போயிருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைச் சீராக்குங்கள். ஒரு பல்லுக்காக முப்பத்தைந்து பற்களைக் கரைக்க வேண்டாம்.

எப்போது ராவுவது? ஒவ்வொரு டேங்க் பெட்ரோல் தீரும்போதும். இரண்டே இழுப்பு போதும், ஐந்து நிமிட வேலை. முழுவதும் மழுங்கவிட்டு ராவினால் அரை மணி நேரம் ஆகும், பல்லும் அதிகம் போகும்.

### முன்னால் நிற்கும் மேடு

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் ஒருமுறைக்கு எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கிறது. பல்லின் முனையைவிட மேடு சுமார் 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். ராவ ராவப் பல் பின்னுக்குப் போய்த் தாழும், மேடு மட்டும் அப்படியே நிற்கும். சில தடவை ராவிய பிறகு பல் கத்தி மாதிரி இருந்தும் மரம் இறங்காது, பல் மரத்தைத் தொடுவதே இல்லை. “நல்லாத்தான் ராவினேன், அப்பவும் இழுக்கலை” என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் இந்த மேட்டைத் தொட்டதே இல்லை.

நாலைந்து தடவை ராவியதும் அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் தட்டை அரத்தால் தேய்த்து, முன்முனையை லேசாக உருட்டி விடுங்கள். தகடு மலிவு, கண் மதிப்பில் செய்யாதீர்கள்.

என்ஜின் அளவும் செயினும் ஒன்றோடொன்று மோதுவது இங்கேதான். வேகம் வேண்டும் என்று மேட்டை 1 மி.மீ. வரை இறக்குகிறவர்கள் உண்டு. 70 சிசி மெஷின், பச்சை மென்மரம் என்றால் அது எப்படியோ இழுத்துக்கொண்டு போகும், ஆனாலும் அடித்து அடித்துக் குலுங்கும். 35 சிசியில் அதே செயின் கடித்ததும் நின்றுவிடும். கிளட்ச் வழுக்கி வாசனை வரும். நுனி பட்டு எகிறும் ஆபத்தும் கூடும். சின்ன என்ஜினுக்கும் கெட்டி மரத்துக்கும் மேட்டை 0.65 மி.மீ.க்கு மேல் இறக்கவே வேண்டாம்.

### கூர்முனையா, உருண்டை முனையா

செயின் வாங்கும்போது பல்லின் மூலையைப் பாருங்கள். சதுரமாகக் கூராக இருப்பது சிசல். மூலை உருண்டு இருப்பது செமி சிசல். சுத்தமான பச்சை மரத்தில் சிசல் வேகம். ஆனால் அதன் வேலை முழுவதும் அந்த ஒரு மூலையில்தான், மணல் பட்டால் உடனே போய்விடும். நம் ஊர் வேலை பெரும்பாலும் மண் ஒட்டிய தூர், தூசி படிந்த பட்டை, நார் நிறைந்த தென்னை. செமி சிசல் வாங்குங்கள். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் நாள் முழுவதும் கணக்குப் பார்த்தால் அதுவே அதிகம் அறுக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் அறுப்பவர்கள் தூரைச் சுற்றி மண்வெட்டியால் மண்ணை ஒதுக்கி, பட்டையை அரிவாளால் ஒரு கொத்து கொத்திவிட்டுத்தான் செயினை வைக்க வேண்டும். ஒரே ஒரு நொடி மண்ணில் பட்டால் காலை முழுவதும் ராவியது வீண்.

### கடையில் சாணை பிடிப்பது

கையால் ராவ நேரமில்லாதவர்கள் கடையில் சாணை போடச் சொல்கிறார்கள். கல்லில் பட்டுச் சிதைந்த செயினுக்கும், பற்கள் ஏறுக்குமாறாகிவிட்ட செயினுக்கும் அது சரி. ஆனால் சாணைக்கல் ஒரே தடவையில் நிறைய எடுத்துவிடும். அவசரத்தில் அழுத்தினால் முனை நீலமாகிவிடும். நீலம் பாய்ந்த இரும்பு சூட்டில் மாறிப்போனது, அதன் மேல் அரமும் ஏறாது. நாலைந்து தடவை கையால், ஒரு தடவை சாணை என்று வைத்துக்கொண்டால் ஒரு செயின் நீண்ட நாள் வரும். இரண்டு செயின்களை மாற்றி மாற்றிப் போட்டால் ஸ்ப்ராக்கெட்டும் சீராகத் தேயும்.

### இழுவை, ஆயில், கார்புரேட்டர்

செயின் பாரின் அடியில் தொங்கக் கூடாது, ஆனால் கையால் இழுத்தால் எளிதாக ஓட வேண்டும். சூட்டில் நீளும், அதனால் நடுவில் ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் தளர்த்துங்கள், ஆறும்போது சுருங்கி ஷாஃப்டை இழுக்கும்.

செயின் ஆயிலுக்குப் பதில் வண்டியில் வடித்த பழைய ஆயிலை ஊற்றும் வழக்கம் எங்கும் உண்டு. அதில் இரும்புத் துகள் இருக்கிறது, பாரையும் பம்பையும் தின்னும். நம் தோலுக்கும் கெடுதல். புது ஆயிலே ஊற்றுங்கள். பாரை வெள்ளைக் காகிதத்துக்கு நேராகப் பிடித்து முறுக்கினால் காகிதத்தில் ஆயில் கோடு விழ வேண்டும்.

மெஷின் இழுக்கவில்லை என்றதும் கார்புரேட்டர் திருகை முறுக்குவது மெக்கானிக்குகளே செய்யும் தவறு. முதலில் ஏர் ஃபில்டரைக் கழுவுங்கள், தென்னை நாரும் தூளும் அடைத்திருக்கும். பிறகு பிளக், பெட்ரோல் வடிகட்டி. எச் (H) திருகை, அதாவது முழு வேகத்தில் போகும் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் திருகை, மூடிப் பெட்ரோலைக் குறைத்தால் மெஷின் சத்தம் கூர்மையாகி வேகம் ஏறின மாதிரி இருக்கும், ஆனால் ஆயிலும் குறைகிறது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இப்போது பம்ப்பில் வருவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாயைக் கெடுக்கும். பத்து நாளுக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள்.

## யாருக்கு எது

நாலைந்து ஏக்கர் தென்னந்தோப்பு, வருடத்துக்குப் பத்து இருபது மரம்: 45 சிசி, 16 அல்லது 18 அங்குல பார், செமி சிசல் செயின் இரண்டு. பணம் இல்லையென்றால் மலிவு 58, ஆனால் பாரை மாற்றிக்கொண்டு.

வேலியும் விறகும் மட்டும்: 35 சிசி. மிச்சப் பணத்தில் ஹெல்மெட்டும் காலணியும் வாங்குங்கள். கைலியும் செருப்பும் போட்டுக்கொண்டு அறுப்பதை நான் தோப்புக்குத் தோப்பு பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்குகிறது.

கூலிக்கு அறுப்பவர்: 70 சிசி ஒன்று, கிளை கழிக்க 35 சிசி ஒன்று. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாவிட்டால் 50 சிசியில் ஆரம்பிக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பெரிய மரம், நாலடி தடிமன்: எதையும் வாங்காதீர்கள். ஆளும் மெஷினுமாகக் கூலிக்குப் பிடியுங்கள். பனை என்றால் அதற்கும் முன்னால் அனுமதி கேளுங்கள், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-லேயே அரசு அறிவித்திருக்கிறது.

ஏற்கெனவே 58 வைத்துக்கொண்டு 70-க்கு ஆசைப்படுபவர்: ஒரு 4.8 அரம், ஒரு அளவுத் தகடு, 18 அங்குல பார், நல்ல செயின். அதன் பிறகும் வாரா வாரம் இரண்டடி விட்டமுள்ள மரத்தில் நின்றுபோகிறது என்றால் 70 வாங்குங்கள், அது நியாயமான தேவை.

புயலில் விழுந்ததை அறுக்கப்போகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. வளைந்து நிற்கும் அடிமரத்தில் எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறதோ அங்கே முதலில் லேசாக வெட்டுப் போட்டு, பிறகு இழுபட்டு நிற்கும் பக்கத்தை அறுங்கள். மாற்றிச் செய்தால் பார் சிக்கும், அல்லது மரம் பிளந்து அடிக்கும். வேரோடு சாய்ந்த தென்னையில் தண்டை அறுத்த நொடியில் வேர்ப்பந்து மண்ணோடு திரும்பக் குழிக்குள் உட்காரும். அந்தப் பக்கம் ஆளோ ஆடோ குழந்தையோ நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள்.